வைரஸ் காட்டிக்கொடுத்த செவிலி

(பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஆற்றிய அறிவியல் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



முட்டையை வேகவைத்தால் வெள்ளைக்கரு கெட்டியாகிவிடுகிறது. பிறகு அதை எவ்வளவு ஆறவைத்தாலும் பழையபடி வழுவழுப்பான நீர்மமாக மாறாது. வெள்ளைக்கருவில் இருப்பவை புரதங்கள். ஒவ்வொரு புரதமும் அமினோ அமிலங்களைக் கோத்த நீண்ட சங்கிலி. அந்தச் சங்கிலி தனக்கே உரிய ஒரு வடிவத்தில் மடிந்திருக்கிறது. சூடு பட்டால் மடிப்பு அவிழ்கிறது. அவிழ்ந்த சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. சிக்கு விழுந்த நூலை எடுத்துப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

முட்டை வேக 60 டிகிரிக்கு மேல் வேண்டும். ஆனால் உயிரணுவுக்குள் இருக்கும் சில மென்மையான புரதங்களுக்கு அவ்வளவு சூடு தேவையில்லை. உயிரணு பழகிய வெப்பத்தைவிட நான்கைந்து டிகிரி ஏறினாலே அவை தளர ஆரம்பித்துவிடும். நமக்குக் காய்ச்சல் வருகிறது, 40 டிகிரி வரைகூடப் போகிறது. இறங்கியதும் எழுந்து நடமாடுகிறோம். அவிழ்ந்த சங்கிலிகளை அந்த நேரத்தில் யார் பிடித்துவைத்தார்கள்? யார் மறுபடி மடித்துக் கொடுத்தார்கள்?

இந்தக் கேள்விக்கு இன்று பதில் தெரியும். நான் சொல்ல வந்தது, அந்தப் பதில் வந்து சேர்ந்த வழியை. காய்ச்சலைப் பற்றி யோசிக்காத ஒருவர், பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ் ஒன்றின் பின்னால் போனவர், அந்த வழியில் பெரும்பங்கு வெட்டினார். அவர் பெயர் கோஸ்டா ஜார்ஜோபுலோஸ். கிரேக்கத்திலிருந்து அமெரிக்காவுக்குப் படிக்கப் போனவர். ஸ்டான்ஃபோர்டில் டேல் கைசரின் ஆய்வகத்தில் பயின்று, பிறகு யூட்டா பல்கலைக்கழகத்திலும் சில ஆண்டுகள் ஜெனீவாவிலும் ஆய்வு செய்தார். மூலக்கூறு உயிரியல் படித்தவர்களில்கூடப் பலருக்கு இவர் பெயர் தெரியாது. எனக்கு அது பெரிய வருத்தம். இன்று இவரைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

முதலில் வைரஸைப் பற்றி. பெயர் லாம்டா. 1950ஐ ஒட்டி எஸ்தர் லெடர்பெர்க் கண்டுபிடித்தது. நம் குடலில் வாழும் ஈ. கோலை பாக்டீரியாவைத் தாக்கும். நம்மை ஒன்றும் செய்யாது. பாக்டீரியாவைத் தாக்கும் இத்தகைய வைரஸ்களை ஃபேஜ் என்பார்கள். லாம்டாவுக்கு ஒரு தலை, ஒரு வால். தலைக்குள் 48,502 எழுத்து நீளமுள்ள டிஎன்ஏ. வாலால் பாக்டீரியாவைப் பற்றிக்கொண்டு டிஎன்ஏவை உள்ளே செலுத்தும். ஒரு மணி நேரத்துக்குள் பாக்டீரியா வெடித்து நூறு லாம்டாக்கள் வெளியே வரும்.

அகார் தட்டில் பாக்டீரியாவைப் பரப்பினால் மெல்லிய வெள்ளைப் படலமாக வளரும். அதில் ஃபேஜ் இருந்தால் படலத்தில் ஆங்காங்கே கண்ணாடிபோலத் தெளிந்த வட்டங்கள் விழும். மாணவனாக இருந்தபோது அந்த வட்டங்களை முதன்முதலாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தது எனக்கு இன்றும் மறக்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு பொருள் தான் இருந்த இடத்தை இவ்வளவு சுத்தமாகக் காட்டுகிறதே என்று நெடுநேரம் தட்டைக் கீழே வைக்காமல் நின்றேன்.

சுமார் எழுபது மரபணுக்களே கொண்ட லாம்டாவால் தனியாகப் பிழைக்க முடியாது. குடிபுகுந்த வீட்டின் அடுப்பு, பாத்திரம், விறகு எல்லாவற்றையும் எடுத்துத்தான் அது சமைக்க வேண்டும். பாக்டீரியாவின் எந்தெந்தப் பாத்திரங்களை அது எடுக்கிறது என்பதுதான் 1960களின் இறுதியில் ஜார்ஜோபுலோஸ் எடுத்துக்கொண்ட கேள்வி.

அதைக் கண்டுபிடிக்க அவர் கையாண்ட வழியைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். பாக்டீரியாக்களில் வேதிப்பொருளால் திடீர்மாற்றங்களை உண்டாக்க வேண்டும். பிறகு அவற்றின்மேல் லாம்டாவைக் கொட்ட வேண்டும். கோடிக்கணக்கில் சாகும், சில பிழைக்கும். பிழைத்தவற்றில் பெரும்பாலானவை, லாம்டா பற்றிக்கொள்ளும் வெளிப்புறப் புரதத்தை இழந்தவை. அதாவது வாசற்கதவை அடைத்துக்கொண்டவை. அவற்றால் பயனில்லை. கதவு திறந்திருக்க வேண்டும், திருடன் உள்ளே வரவேண்டும், வந்த பிறகும் அவனுக்குச் சமையல் நடக்கக் கூடாது. அப்படிப்பட்ட பாக்டீரியாதான் வேண்டும். அதற்காக, லாம்டாவோடு, லாம்டாவை ஒத்த, ஆனால் வேறு வாசல் வழியாக நுழையும் ஃபேஜையும் சேர்த்துக் கொட்டினார்கள். ஒரே நேரத்தில் இரண்டு வாசல்களும் அடைபடுவது அபூர்வம். எனவே பிழைத்தது, உள்ளே ஏதோ மாறியதாகத்தான் இருக்க வேண்டும்.

அப்படிப் பிழைத்த ஒவ்வொரு பாக்டீரியாக் கூட்டத்தையும் பல்குத்தும் குச்சியால் தொட்டு, ஃபேஜ் பூசிய தட்டில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒன்று, இரண்டு, நூறு, ஆயிரம். மின்னணு நுண்ணோக்கியோ பெரிய இயந்திரமோ இதற்குத் தேவையில்லை. பெட்டி பெட்டியாகக் குச்சிகளும் சலிக்காத கையும் போதும். 2006இல் தம் ஆய்வு வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்து அவர் ஒரு கட்டுரை எழுதினார். அதன் தலைப்பின் முதல் சொல்லே பல்குத்தும் குச்சிகள்தான்.

இந்தத் தேடலில் கிடைத்த பாக்டீரியாக்களுக்கு, வளர்ச்சியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதல் மூன்று எழுத்துகளை எடுத்து ‘குரோ’ என்று பெயரிட்டார்கள். அதன் பின்னால் ஓர் எழுத்து வரும். அந்த எழுத்து எங்கிருந்து வந்தது என்பதில்தான் இந்த முறையின் அழகு இருக்கிறது. வளர முடியாத தட்டில் லாம்டாவை மிகப் பெரிய எண்ணிக்கையில் விட்டால், எப்போதாவது ஒரு லாம்டா தன் மரபணுவில் மாற்றம் அடைந்து தடையை மீறி வளர்ந்துவிடும். அந்த மாற்றம் லாம்டாவின் எந்த மரபணுவில் இருக்கிறதென்று பார்த்தால், பாக்டீரியாவில் பழுதான பொருள் லாம்டாவின் எந்த வேலையோடு தொடர்புள்ளது என்பது தெரிந்துவிடும். ‘என்’ என்ற மரபணுவில் மாற்றம் என்றால் குரோ-என். பி என்றால் குரோ-பி. ஈ என்றால் குரோ-ஈ.

லாம்டாவின் ஈ மரபணு அதன் தலை ஓட்டுப் புரதத்தை உண்டாக்குவது. ஒரு தலைக்கு அந்தப் புரதம் 400க்கு மேல் வேண்டும். குரோ-ஈ பாக்டீரியாவுக்குள் ஓட்டுப் புரதம் நிறையவே உற்பத்தியானது. ஆனால் தலை உருவாகவில்லை. புரதம் கட்டி கட்டியாகத் திரண்டு கிடந்தது. தடையை மீறிய வேறு சில லாம்டாக்களில் மாற்றம், தலையும் வாலும் இணையும் வாய்ப்பகுதியை அமைக்கும் மரபணுவில் இருந்தது. ஜார்ஜோபுலோஸ், ஹெண்ட்ரிக்ஸ், காஸ்ஜென்ஸ், கைசர் நால்வரும் 1973இல் இதை வெளியிட்டார்கள். அதே காலத்தில் தனியாக ஸ்டெர்ன்பெர்கும், டகானோ, ககேஃபுடா என்ற இருவரும் இதே பாக்டீரியாக் குறையைக் கண்டிருந்தார்கள்.

அன்றைய அறிவியலுக்கு இது சங்கடமான முடிவு. புரதத்தின் வடிவம் முழுக்க முழுக்க அதன் அமினோ அமில வரிசையிலேயே எழுதப்பட்டிருக்கிறது, அது தானாகவே மடியும், யாருடைய உதவியும் வேண்டாம் என்று காட்டியதற்காகத்தான் கிறிஸ்டியன் அன்ஃபின்சனுக்கு 1972இல் வேதியியல் நோபல் பரிசு தரப்பட்டிருந்தது. அவர் காட்டியது சரியே. இன்றும் சரியே. ஆனால் அவர் அதைச் செய்தது சோதனைக் குழாயில், நீர்த்த கரைசலில். உயிரணுவின் உட்புறமோ திருவிழாக் கூட்டம். லாம்டாவின் ஓட்டுப் புரதத்துக்கு அந்தக் கூட்டத்தில் பாக்டீரியாவின் ஏதோ ஒரு புரதம் கைகொடுக்கிறது. ஆனால் கட்டி முடித்த லாம்டாவில் அந்தப் புரதம் ஓர் அணுவும் கிடையாது. செங்கல் அடுக்கும் வரை நின்றுவிட்டு, சாரம் பிரித்தபோது காணாமல் போகும் கொத்தனாரைப்போல.

இன்னொரு தடயமும் இருந்தது. குரோ-ஈ பாக்டீரியாக்கள் பல 43 டிகிரியில் தாமே வளர முடியாமல் தவித்தன. மறுபடி அந்தச் சூட்டில் வளரத் தேறியவற்றில், லாம்டாவும் மறுபடி வளர்ந்தது. ஆக, லாம்டா எடுத்துக்கொண்ட பாத்திரம் பாக்டீரியாவுக்கே சூட்டில் அவசியமான பாத்திரம்.

இதே வேளையில் வேறொரு மூலையில் வேறொரு கதை நடந்துகொண்டிருந்தது. இத்தாலியில் ஃபெருச்சியோ ரிட்டோசா பழ ஈக்களின் உமிழ்நீர்ச் சுரப்பிக் குரோமோசோம்களை நுண்ணோக்கியில் பார்த்துவந்தார். ஒருநாள் அவருடைய வளர்ப்புப் பெட்டியின் வெப்பத்தை உடன் பணியாற்றியவர் ஏற்றிவிட்டார். குரோமோசோமில் வழக்கமில்லாத இடங்களில் புடைப்புகள் தோன்றின. அங்கெல்லாம் மரபணுக்கள் விழித்துக்கொண்டு வேலை செய்கின்றன என்று பொருள். முதலில் அனுப்பிய இதழ், உயிரியலில் இதற்கு முக்கியத்துவம் இருப்பதாகத் தெரியவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டது. 1962இல் வேறோர் இதழில் அது வந்தது. 1974இல் ஆல்ஃபிரட் டிசியரும் சக ஆய்வாளர்களும் அந்த மரபணுக்கள் உண்டாக்கும் புரதங்களைப் பிரித்துக் காட்டினார்கள். வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் என்ற பெயர் நிலைத்தது. சூடு மட்டுமல்ல, நச்சு உலோகமும் ஆல்கஹாலும் ஆக்சிஜன் குறைவும் இவற்றைத் தூண்டும் என்று தெரிந்தபின் நெருக்கடிப் புரதங்கள் என்றும் சொல்லத் தொடங்கினார்கள். ஆனால் இவை என்ன செய்கின்றன என்பது மட்டும் வெகுகாலம் யாருக்கும் தெரியவில்லை.

பழ ஈக் கதையும் ஃபேஜ் கதையும் 1980களின் தொடக்கத்தில் ஒன்றாகக் கலந்தன. ஈ. கோலையைச் சூடாக்கினால் மிகுதியாக உற்பத்தியாகும் புரதங்களைப் பட்டியலிட்டபோது, அதில் குரோ-ஈ பாக்டீரியாவில் பழுதான புரதம் இருந்தது; அதையும் குரோ-ஈ என்றே அழைத்தார்கள். லாம்டாவின் டிஎன்ஏ நகலெடுப்புக்குத் தேவையென்று தெரிந்த டிஎன்ஏ-கே என்ற புரதமும் இருந்தது. டிஎன்ஏ-கே, அதன் துணைகளான டிஎன்ஏ-ஜே, ஜிஆர்பி-ஈ ஆகியவையும் லாம்டா வளர மறுத்த பாக்டீரியாக்களிலிருந்து அறியப்பட்டவைதான். யூட்டாவில் ஜார்ஜோபுலோஸ், ஜப்பானில் சைட்டோ, உச்சிடா என்று பலர் 1977ஐ ஒட்டித் தனித்தனியே அவற்றை எட்டியிருந்தார்கள். 1984இல் பார்ட்வெல், கிரெய்க் இருவரும் டிஎன்ஏ-கேயின் வரிசையைப் பழ ஈயின் வெப்ப அதிர்ச்சிப் புரதமான ஹெச்எஸ்பி70இன் வரிசையோடு ஒப்பிட்டார்கள். கிட்டத்தட்டப் பாதி எழுத்துகள் ஒன்றே. பாக்டீரியாவும் ஈயும் பிரிந்து எத்தனையோ கோடி ஆண்டுகள் ஆன பின்பும் இப்புரதத்தை இரண்டுமே மாற்றாமல் காப்பாற்றி வைத்திருந்தன.

டிஎன்ஏ-கே லாம்டாவுக்கு எப்படி உதவுகிறது என்பது என் மனத்துக்கு மிகவும் பிடித்த பகுதி. லாம்டா தன் டிஎன்ஏவை நகலெடுக்க, இரட்டை இழையைப் பிரிக்கும் பாக்டீரியாவின் நொதியைக் கடத்திவருகிறது. கடத்திவரும் கை, லாம்டாவின் பி புரதம். சிக்கல் என்னவென்றால், அந்தக் கை பிடியை விடுவதில்லை. பிடியில் இருக்கும்வரை நொதி வேலை செய்யாது. போலந்தின் மாசியே ஜிலிச்சும் ஜார்ஜோபுலோஸும் அவர்கள் குழுவினரும் தூய்மையாக்கிய புரதங்களை மட்டும் சோதனைக் குழாயில் சேர்த்து இதைப் படிப்படியாக அவிழ்த்தார்கள். டிஎன்ஏ-கே, டிஎன்ஏ-ஜே, ஜிஆர்பி-ஈ மூன்றும் சேர்ந்து பி புரதத்தின் பிடியைத் தளர்த்துகின்றன. உடனே நொதி ஓடத் தொடங்குகிறது. இந்தப் புரதங்கள் கட்ட உதவுவது மட்டுமல்ல, கட்டியதைப் பிரிக்கவும் செய்கின்றன என்று இதனால் தெரிந்தது. எரிபொருள் ஏடிபி. டிஎன்ஏ-ஜேயும் ஜிஆர்பி-ஈயும் சேர்ந்தால் டிஎன்ஏ-கே ஏடிபியை எரிக்கும் வேகம் பன்மடங்கு கூடுகிறது என்று 1991இல் காட்டினார்கள்.

சூட்டை உயிரணு எப்படி உணர்கிறது என்பதிலும் இதே புரதம் நிற்கிறது. 1983இல் கிட் டில்லி, ஜார்ஜோபுலோஸ் குழு ஒன்றைக் கவனித்தது: டிஎன்ஏ-கே பழுதான பாக்டீரியாவில் வெப்ப அதிர்ச்சிப் புரதங்களின் உற்பத்தி ஏறினால் இறங்குவதில்லை. பின்னர் பலருடைய உழைப்பில் விளக்கம் தெளிந்தது. சிக்மா 32 என்று ஒரு புரதம் உண்டு; நெருக்கடி மரபணுக்களை எழுப்புவது அதுவே. கையில் வேலை இல்லாத டிஎன்ஏ-கே, சிக்மா 32ஐப் பிடித்துச் சிதைக்கும் நொதியிடம் ஒப்படைத்துவிடுகிறது. சூடு ஏறிப் புரதங்கள் அவிழ ஆரம்பித்தால் டிஎன்ஏ-கே அவற்றைத் தாங்கப் போய்விடும். சிக்மா 32 தப்பிப் பிழைக்கும், மரபணுக்களை எழுப்பும், டிஎன்ஏ-கே இன்னும் நிறைய வரும். எல்லாவற்றையும் சரிசெய்து முடித்து டிஎன்ஏ-கேயின் கை மறுபடி ஓய்ந்ததும், சிக்மா 32ஐ மறுபடி பிடிக்கும். பந்தியில் ஆள் போதவில்லை என்று தெரிந்தால்தான் உதவிக்குக் கூப்பிடுவார்கள், அதைப்போல. வெப்பத்தை அளக்கத் தனிக் கருவி தேவைப்படவில்லை. செய்யாமல் கிடக்கும் வேலையின் அளவே கருவி.

அடுத்தது 1988. இங்கிலாந்தின் வாரிக் பல்கலைக்கழகத்தில் ஜான் எல்லிஸ் இலைகளில் மிகுதியாக உள்ள ரூபிஸ்கோ என்ற நொதியைப் படித்துவந்தார். அந்த நொதி உருவாகும்போது கூடவே ஒட்டிக்கொண்டு நின்று, உருவானபின் விலகிவிடும் ஒரு புரதத்தை அவர் குழு கண்டிருந்தது. அதன் வரிசையைப் படித்தபோது அது குரோ-ஈயின் உடன்பிறப்பாக இருந்தது! இலையின் பசுங்கணிகத்தில் இருப்பதும் குடல் பாக்டீரியாவில் இருப்பதும் ஒரே குடும்பம். அந்தக் கட்டுரையில் எல்லிஸ், ஹெம்மிங்சன் ஆகியோருடன் டில்லி, ஜார்ஜோபுலோஸ், ஹெண்ட்ரிக்ஸ் பெயர்களும் உண்டு. வைரஸ்காரர்களும் இலைக்காரர்களும் ஒரே தாளில் கையெழுத்திட்டது அப்படித்தான்.

இப்புரதங்களுக்கு ஆங்கிலத்தில் மூலக்கூறு சாப்பரோன் என்று பெயர். தவளை முட்டையில் ஒரு புரதத்தைக் குறிக்க 1978இல் ரான் லாஸ்கி பயன்படுத்திய சொல்லை எல்லிஸ் விரித்தார். இளம்பெண்ணுக்குத் துணையாகப் போகும் மூத்த பெண்ணைக் குறிக்கும் சொல் அது. தமிழில் இதைத் துணைப்புரதம் என்று எழுதுவதைப் பார்க்கிறேன். அதில் தவறில்லை, ஆனால் சாரம் இல்லை. நம்மிடம் செவிலி இருக்கிறாள். அகப்பாடல்களில் தலைவியை வளர்ப்பவள். தகாத இடத்தில் தகாதவரோடு சேராமல் காப்பவள். தலைவி தன் வீடு தேடிப் போனபின் அந்த வீட்டில் அவளுக்கு இடமில்லை. இந்தப் புரதம் செய்வதும் அதுவே. செவிலிப் புரதம் என்று நான் வகுப்பில் சொல்லிவருகிறேன். மாணவர்களுக்கு மறுமுறை விளக்க வேண்டியிருந்ததில்லை.

குரோ-ஈ இரண்டு புரதங்கள் சேர்ந்தது. பெரியதை ஈஎல் என்றும் சிறியதை ஈஎஸ் என்றும் சொல்வார்கள். ஈஎல்லின் 14 அலகுகள் ஏழேழாக இரண்டு வளையங்கள் அமைக்கின்றன. அடியோடு அடி ஒட்டிய இரண்டு அண்டாக்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈஎஸ்ஸின் ஏழு அலகுகள் அண்டாவின் மூடி. மடியாத சங்கிலியின் எண்ணெய்ப்பசை உள்ள பகுதிகள் அண்டாவின் விளிம்பில் ஒட்டும். ஏடிபி வரும், மூடி விழும், உட்சுவர் நீரை விரும்பும் தன்மைக்கு மாறும், ஒட்டியிருந்த சங்கிலி உள்ளே விடுபடும். வெளிக்கூட்டத்தின் இடிபாடு இல்லாமல் சில விநாடிகள் தனியறையில் அது மடியும். மூடி திறக்கும். ஆர்தர் ஹார்விச், ஃபிரான்ஸ் உல்ரிக் ஹார்ட்ல் இருவரும் 1989 முதல் இந்த இயந்திரத்தின் வேலையைத் துலக்கினார்கள். 2011இல் லாஸ்கர் விருது பெற்றார்கள். முற்றிலும் தகுதியான விருது. அதே 1989இல் ஃபாயே, ஜார்ஜோபுலோஸ் குழு, குரோ-ஈ இல்லாமல் ஈ. கோலை எந்த வெப்பத்திலும் உயிர்வாழ முடியாது என்று காட்டியது. அவசர காலத்துக்கு மட்டும் என்று நினைத்த புரதம் அன்றாடத்துக்கும் வேண்டியதாக இருந்தது.

வைரஸ் இந்த அண்டாவை எவ்வளவு நுணுக்கமாகத் தெரிந்துவைத்திருக்கிறது என்பதற்கு டி4 என்ற இன்னொரு ஃபேஜைச் சொல்ல வேண்டும். டி4க்கும் ஈஎல் வேண்டும். ஆனால் பாக்டீரியாவின் மூடி அதற்குத் தேவையில்லை. தன் மூடியைத் தானே கொண்டுவருகிறது. ஜிபி31 என்று பெயர். அது ஈஎஸ்ஸின் வேலையைச் செய்கிறது என்று 1994இல் வான் டெர் வீஸ், கேட்டன்பி, ஜார்ஜோபுலோஸ் மூவரும் காட்டினார்கள். அமினோ அமில வரிசையில் இரண்டுக்கும் ஒற்றுமை மிகக் குறைவு, வேலை ஒன்றே. எதற்காக இந்தச் சிரமம்? 1997இல் ஜிபி31இன் முப்பரிமாண வடிவம் தெரிந்தபோது விடை கிடைத்தது. டி4இன் தலைப் புரதம் பெரியது. பாக்டீரியாவின் மூடியோடு அண்டாவுக்குள் அடங்காது. டி4இன் மூடி சற்று உயரமானது. உள்ளே கூடுதல் இடம் கிடைக்கிறது. குழம்பு பொங்குகிறதென்று குழிவான தட்டை எடுத்து மூடுவதுபோல!

மனிதரையும் விலங்குகளையும் தாக்கும் வைரஸ்களும் இதே கதவைத் தட்டுகின்றன. எஸ்வி40 வைரஸின் ஒரு புரதத்தில் டிஎன்ஏ-ஜேயின் ஒரு பகுதியை ஒத்த பகுதி வந்து அமர்ந்திருக்கிறது. ஹெபடைடிஸ் பி வைரஸின் நகலெடுக்கும் நொதிக்கு நம் செவிலிப் புரதங்களில் ஒன்றான ஹெச்எஸ்பி90 வேண்டும். போலியோ வைரஸின் ஓட்டுப் புரதம் மடிவதற்கும் ஹெச்எஸ்பி90 வேண்டும் என்று 2007இல் ஜூடித் ஃப்ரைட்மன், ராவுல் ஆண்டினோ குழுவினர் காட்டினார்கள். அந்தச் செவிலியைத் தடுக்கும் மருந்தை எலிகளுக்குக் கொடுத்தபோது வைரஸின் பெருக்கம் குறைந்தது. மருந்தை மீறும் போலியோ வைரஸ் எதுவும் தோன்றவில்லை. வழக்கமாக வைரஸ் தன் புரதத்தை மாற்றிக்கொண்டு மருந்திலிருந்து தப்பும். இங்கே மருந்து குறிவைத்தது நம் புரதத்தை. நம் புரதத்தை மாற்ற வைரஸால் முடியாது.

இந்தச் செய்தியை 1970களில் யாராவது ஜார்ஜோபுலோஸிடம் கேட்டிருந்தால் அவரால் சொல்லியிருக்க முடியாது. போலியோவுக்காக அவர் குச்சியை எடுக்கவில்லை. லாம்டா ஏன் வளரவில்லை என்பதற்காக எடுத்தார். இன்று ஆய்வுக்குப் பணம் கேட்டு விண்ணப்பிக்கும் இளைஞர்களிடம் முதல் பக்கத்திலேயே என்ன பயன் என்று எழுதச் சொல்கிறார்கள். அப்படி எழுதியே தீரவேண்டும் என்றிருந்தால் குரோ-ஈ கிடைத்திருக்குமா என்பது எனக்கு உண்மையாகவே கவலை தரும் கேள்வி. இந்த அவையில் நிதி ஒதுக்கும் பொறுப்பில் இருப்பவர்கள் யாராவது இருந்தால் இதைத் தயவுசெய்து மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

நேரமாகிவிட்டது. வெளியே மேசையில் மூடி ஒட்டிய இரண்டு அகார் தட்டுகள் வைத்திருக்கிறேன். இரண்டிலும் ஈ. கோலை பரப்பி, ஒரே அளவு லாம்டா விட்டிருக்கிறேன். இடப்பக்கத் தட்டில் சாதாரண பாக்டீரியா; தெளிந்த வட்டங்கள் எண்ண முடியாத அளவு இருக்கும். வலப்பக்கத் தட்டில் குரோ-ஈ பழுதான பாக்டீரியா. வெள்ளைப் படலம் முழுசாக இருக்கும். அவசரப்பட்டு நகர்ந்துவிடாதீர்கள். தட்டை விளக்குப் பக்கம் சாய்த்துப் பாருங்கள். விளிம்பை ஒட்டி ஒரே ஒரு வட்டம், கடுகளவு இருக்கிறது. நேற்றுக் காலைதான் நான் அதைப் பார்த்தேன். அந்த லாம்டாவில் எந்த எழுத்து மாறியிருக்கிறது என்று எனக்கும் இன்னும் தெரியாது.